வெயிலில் இறுகும் ஃபைபர்

கப்பலூர் பக்கம் ஒரு ஃபைபர் பட்டறை. சித்திரை மாதம், காலை பதினொரு மணி இருக்கும். பாத்ரூம் கதவு ஒன்றுக்காக மேஸ்திரி பிளாஸ்டிக் மக்கில் ரெசின் கலந்துகொண்டிருந்தார். நான் ஏதோ கேட்டேன், அவர் பதில் சொன்னார், நான் இன்னொன்று கேட்டேன். அதற்குள் மக்கில் இருந்தது கூழாகி, கூழ் கட்டியாகி, மக்கின் அடிப்பாகம் இளகும் அளவுக்குச் சூடேறிப் புகைய ஆரம்பித்துவிட்டது. அவர் அதைத் தூக்கி வெளியே மண்ணில் வீசினார். “பேச்சுக் கொடுத்தா இப்படித்தான் தம்பி. இது நமக்காக நிக்காது” என்றார். பட்டறைச் சுவர் ஓரமாக அப்படி வீசப்பட்ட கட்டிகள், மக்கின் வடிவம் மாறாமல், சின்னக் குவியலாகக் கிடந்தன.

ரெசின் நமக்காக நிற்காதா? நிற்க வைக்கலாம். கலந்து வைத்த பிறகும் மணிக்கணக்கில், ஏன் மாதக்கணக்கில்கூட அப்படியே இருந்து, நாம் ‘சரி, இப்போது’ என்று சொல்லும்போது மட்டும் இறுகுகிற ரெசின் உண்டு. அந்தச் ‘சரி’யைச் சொல்வது புற ஊதா ஒளி. மதுரைப் பக்கத்துக் கைவேலைப் பட்டறைகளுக்கு இது புதிதாகத் தோன்றலாம். ஆனால் இதே வேதியியல் நம் பல்லிலும், கல்யாணப் பத்திரிகையிலும், வீட்டுக்கு வருகிற இன்டர்நெட் கேபிளிலும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

முதலில் அந்த மக்கில் என்னதான் நடந்தது என்று பார்ப்போம்.

ஃபைபர் வேலை என்று நாம் சொல்வதில் இரண்டு பொருட்கள் இருக்கின்றன. ஒன்று கண்ணாடி நார். பட்டறையில் ‘மேட்’ என்பார்கள்: வெட்டிய கண்ணாடி இழைகளைத் தாறுமாறாகப் பரப்பி ஒட்டிய வெள்ளை விரிப்பு. இன்னொன்று அதை நனைத்துப் பிடித்துக்கொள்ளும் ரெசின், பெரும்பாலும் பாலியெஸ்டர். நார் இழுவையைத் தாங்கும், ரெசின் நாரை அதனதன் இடத்தில் நிறுத்தும். வைக்கோல் கலந்த களிமண்ணில் சுவர் எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமில்லை.

டின்னிலிருந்து ஊற்றும்போது பாலியெஸ்டர் ரெசின் தேன் பதத்தில் இருக்கும். நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைந்திருக்கின்றன. பட்டறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுகிற அந்த வாசனை ஸ்டைரீனுடையது. சங்கிலிகளில் ஆங்காங்கே இரட்டைப் பிணைப்புகள் இருக்கும். யாராவது ஆரம்பித்து வைத்தால் ஸ்டைரீன் பாலமாகி ஒரு சங்கிலியை இன்னொன்றோடு கோத்துக்கொண்டே போகும். கடைசியில் எல்லாம் ஒரே வலையாகி அசைய முடியாமல் நின்றுவிடும். ‘செட் ஆவது’ என்பது இதுதான். ஒவ்வொரு பாலம் விழும்போதும் கொஞ்சம் வெப்பம் வெளியேறும். மெல்லிய தகடாகப் பரப்பியிருந்தால் அந்த வெப்பம் காற்றில் போய்விடும். மக்கில் குவிந்திருந்தால் போக வழியில்லை. சூடு வேகத்தைக் கூட்டும், வேகம் சூட்டைக் கூட்டும், மக் புகையும்.

ஆரம்பித்து வைக்கிற வேலையைச் செய்வது, பட்டறையில் ‘கேட்டலிஸ்ட்’ என்று அழைக்கப்படும் பெராக்சைடு. மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு என்பது முழுப்பெயர். உண்மையில் அது கேட்டலிஸ்ட் கிடையாது, வினையில் தானும் செலவாகிவிடுகிறது. பெயர் நிலைத்துவிட்டது, விட்டுவிடலாம். நூறு பங்கு ரெசினுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு ஊற்றுவார்கள். அதை அறை வெப்பத்திலேயே உடைய வைக்கத் துணைக்கு ஒரு கோபால்ட் உப்பு, அதாவது ‘ஆக்சிலரேட்டர்’. இந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றதை ஊற்ற வேண்டும் என்பது எந்தப் பட்டறையிலும் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். பெராக்சைடு ஒரு சொட்டு கண்ணில் தெறித்தாலும் பார்வையே போகக்கூடும்.

சிக்கல் என்னவென்றால், பெராக்சைடை ஊற்றிய அந்த நொடியில் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை வெயில் தீர்மானிக்கிறது. பத்து டிகிரி வெப்பம் கூடினால் வினை வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பொதுவாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. மார்கழி விடியலில் அரை மணி நேரம் கை கொடுக்கும் அதே கலவை, 40 டிகிரி அடிக்கும் மே மாத மதுரையில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் மேஸ்திரிகள் மாதத்துக்கு மாதம், வேளைக்கு வேளை அளவை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பாட்டில் மூடியில் அளந்து, கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு. அந்தக் கைப்பக்குவத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் பக்குவம் தவறிய நாட்களின் கணக்கும் சுவரோரம் குவிந்து கிடக்கிறதே.

ஒளி இங்கேதான் உள்ளே வருகிறது. பெராக்சைடுக்குப் பதிலாக, இருட்டில் தூங்கி வெளிச்சத்தில் விழிக்கும் ஒரு பொருளை ரெசினில் கரைத்துவிட்டால் போதும். போட்டோ இனிஷியேட்டர் என்கிறார்கள், தமிழில் ஒளித்தூண்டி என்று வைத்துக்கொள்வோம். ஒளியின் ஒவ்வொரு துகளுக்கும் ஒரு குறிப்பிட்ட ஆற்றல் இருக்கிறது. அலைநீளம் குறையக் குறைய ஆற்றல் கூடும். 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியின் ஆற்றல், மோல் கணக்கில் (துகள்களை மொத்தமாக எண்ண வேதியியலில் வைத்திருக்கும் அளவு அது) சுமார் 184 கிலோ ஜூல். 365 நானோமீட்டர் புற ஊதாவுக்குச் சுமார் 328. ஒளித்தூண்டி மூலக்கூறில் வேண்டுமென்றே ஒரு இடத்தில் வலுவில்லாத பிணைப்பு வைக்கப்பட்டிருக்கும். சிவப்பு ஒளி எவ்வளவு கொட்டினாலும் அதை ஒன்றும் செய்யாது. புற ஊதா ஒரு துகள் பட்டாலே அது இரண்டாக முறியும். முறிந்த துண்டுகள் துணையில்லாத எலக்ட்ரானோடு அலைகிற தனியுறுப்புகள். அவை பக்கத்தில் இருக்கும் இரட்டைப் பிணைப்பைப் பிடித்து இழுக்க, கோர்வை தொடங்குகிறது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் பழைய கதைதான். அதே ஸ்டைரீன் பாலங்கள், அதே வலை. தொடங்கி வைக்கும் கை மட்டும் மாறியிருக்கிறது.

ஆனால் அந்த ஒரு மாற்றம் பட்டறையின் நேரத்தையே புரட்டிப் போடுகிறது. ரெசினைக் கலந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். மேட்டை அவசரமில்லாமல் விரித்து, மூலைமுடுக்கெல்லாம் ரோலர் போட்டுக் காற்றுக்குமிழ்களை வெளியேற்றலாம். மீந்த ரெசினை மூடிபோட்ட கறுப்பு டப்பாவில் ஊற்றி நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். சுவரோரக் குவியல் வளராது. ரெசினில் ஊறவைத்த கண்ணாடி நார் விரிப்பை ஒளிபுகாத உறையில் சுற்றி, தயார் நிலையில் விற்கிற நிறுவனங்களும் உலகில் இருக்கின்றன. தேவைப்படும்போது உறையைப் பிரித்து, கத்தரித்து, ஒட்டி, வெளிச்சம் காட்டினால் வேலை முடிந்தது.

ஒளி பட்டு இறுகும் பொருளை மனிதன் கவனித்தது நேற்று முந்தாநாள் நடந்த விஷயமில்லை. 1820களில் பிரான்சில் நீசெப்போர் நியெப்ஸ், தார் போன்ற ஒரு இயற்கை நிலக்கீலை உலோகத் தகட்டில் பூசி வெளிச்சத்தில் வைத்தார். ஒளி பட்ட இடம் இறுகியது, படாத இடம் எண்ணெயில் கரைந்து போனது. உலகின் முதல் புகைப்படம் அப்படித்தான் கிடைத்தது. நமக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் சிவகாசிக்குப் போனால் போதும். ‘ஸ்பாட் யு.வி.’ போட்ட கல்யாணப் பத்திரிகை, பளபளவென்ற நோட்டு அட்டை, காலண்டர் எல்லாம் அக்ரிலேட் என்ற வகை ரெசினின் ஈரமான பூச்சோடு புற ஊதா விளக்கின் அடியில் நுழைந்து, மறுபக்கம் காய்ந்து வெளியே வருகின்றன. காய்ந்து என்று சொல்வது பழக்கத்தில். எதுவும் ஆவியாகிப் போகவில்லை, பூச்சு மொத்தமும் அங்கேயே திடமாகிவிட்டது. பக்கத்து மாவட்டத்தில் இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் இந்த விளக்கு ஏன் ஃபைபர் பட்டறைக்குள் அவ்வளவாக எட்டிப் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றியதுண்டு. விடை, கனத்தில் இருக்கிறது.

அச்சுப் பூச்சின் கனம் மயிரிழைக்கும் குறைவு. ஃபைபர் கதவோ படகோ மில்லிமீட்டர் கணக்கு. ஒளி உள்ளே போகப்போக மங்கும். அதுவும் நேர்கோட்டுக் கணக்கில் மங்காது. முதல் மில்லிமீட்டரில் பாதி விழுங்கப்பட்டால், அடுத்ததில் மிச்சத்தில் பாதி, அதற்கடுத்ததில் அந்த மிச்சத்தில் பாதி என்று தேய்ந்துகொண்டே போகும். பல் மருத்துவர்கள் இந்தப் பாடத்தை முன்பே படித்தார்கள். ஒளியில் இறுகும் பல் அடைப்பு 1970களில் வந்தபோது புற ஊதா விளக்கைத்தான் பயன்படுத்தினார்கள். ஆழம் போதவில்லை, கண்ணுக்கும் வாய்க்கும் கெடுதல் என்ற கவலை வேறு. அதனால் 470 நானோமீட்டர் பக்கமிருக்கும் நீல ஒளிக்கு மாறினார்கள். இன்றும் பல் மருத்துவர் அந்த நீல விளக்கை வைத்துக்கொண்டு இரண்டு இரண்டு மில்லிமீட்டராகத்தான் குழியை நிரப்புகிறார். இருபது நொடி, அடுத்த அடுக்கு, மறுபடியும் இருபது நொடி. நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடக்கும்போது ‘ஒரேயடியாக அடைத்துவிட்டால் என்ன’ என்று நினைத்திருப்போம். ஒளி அவ்வளவு தூரம் போகாது என்பதுதான் காரணம்.

கண்ணாடி நாரில் மட்டும் ஒரு வசதி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள டீக்கடைக்குப் போவோம். பஜ்ஜி மடித்துத் தரும் காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி ஆகிவிடும். காகிதம் வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம், அதன் இழைகளுக்கு நடுவே காற்று இருப்பது. இழையிலும் காற்றிலும் ஒளி வளையும் அளவு வேறு வேறு. அதனால் ஒவ்வொரு எல்லையிலும் ஒளி சிதறி, வந்த வழியே திரும்பிவிடுகிறது. எண்ணெய் அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. எண்ணெயின் ஒளிவிலகல் எண்ணும் இழையின் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்று. எல்லையே தெரியாததால் ஒளி நேரே போய்விடுகிறது.

மேட்டில் நடப்பதும் இதுதான். உலர்ந்த மேட் தும்பைப்பூ மாதிரி வெள்ளை. ரெசினை விட்டு ரோலர் போட்டதும் அது மறைந்து, அடியில் இருக்கும் மோல்டின் நிறம் தெரிய ஆரம்பிக்கும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணும் பாலியெஸ்டரின் எண்ணும் 1.55ஐ ஒட்டியே இருப்பதால் இந்த மாயம் நடக்கிறது. மேஸ்திரி வெள்ளைத் திட்டு தெரிகிற இடத்தைத் தேடித்தேடிப் போய்த் தேய்ப்பார். அங்கே ரெசின் இறங்கவில்லை, காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். புற ஊதா ஒளிக்கும் அதே கண்தான். மேட் தெளிவாகத் தெரிகிற இடத்தில் அடிவரை போகும், வெள்ளைத் திட்டில் சிதறி நின்றுவிடும். கையால் நன்றாக வேலை செய்த தகடு ஒளியிலும் நன்றாக இறுகும். சோம்பேறித்தனத்தை இந்த முறை மன்னிப்பதில்லை.

ஆழத்தின் மற்றொரு பாதியை வேதியியல் தீர்த்துவைத்தது. அசைல் பாஸ்பீன் ஆக்சைடு என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஒளித்தூண்டிகள் இளமஞ்சள் நிறத்தில் இருக்கும். 400 நானோமீட்டரைத் தாண்டி ஊதா ஒளியையும் உறிஞ்சும். சிறப்பு என்னவென்றால், முறிந்ததும் மஞ்சள் நிறம் போய்விடும். அதாவது மேலடுக்கில் இருக்கும் தூண்டி தன் வேலையை முடித்துக்கொண்டு, கீழே இருப்பதற்கு வெளிச்சம் விட்டு விலகிக்கொள்கிறது. கோயில் வரிசையில் தரிசனம் முடித்தவர் ஒதுங்கி வழிவிடுவது மாதிரி என்று சொல்லலாம், நம் ஊர்க் கூட்டம் அப்படியெல்லாம் ஒதுங்குமா என்பது வேறு கேள்வி. இந்தத் தூண்டிகள் வந்த பிறகுதான் 10 மில்லிமீட்டரைத் தாண்டிய கண்ணாடி நார்ச் சுவரைக்கூட ஒரே மூச்சில் ஒளியால் இறுக்க முடிந்தது.

அப்படிக் கனமான சுவர் எங்கே தேவைப்பட்டது தெரியுமா? பாதாளச் சாக்கடையில். மாசி வீதிகளைத் தோண்டிப் போட்டிருந்த மாதங்களை மதுரைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தெருவைத் தோண்டாமல் பழைய குழாய்க்குள்ளேயே புதுக் குழாயை உருவாக்கும் முறையை 1971இல் லண்டனில் எரிக் வுட் என்ற பொறியாளர் செய்து காட்டினார். ரெசினில் ஊறிய துணிக்குழலை உள்ளே செலுத்தி, ஊதிப் பெரிதாக்கி, பழைய குழாயின் சுவரோடு ஒட்ட வைத்து இறுக்குவது. அந்த முறையில் பொதுவாக இறுக்குவது வெப்பத்தால். 1980களில் ஐரோப்பாவில் இதைக் கண்ணாடி நார்க் குழலாகவும் புற ஊதா ஒளியாகவும் மாற்றினார்கள். காற்றால் உப்பிய குழலுக்குள் சக்கரம் வைத்த விளக்குத் தொடர் ஒன்று, சின்ன ரயில் மாதிரி, ஒரே சீராக இழுக்கப்படுகிறது. முன்னால் ஒரு கேமரா. விளக்கு வேகமாகப் போனால் அடி இறுகாது, மெதுவாகப் போனால் அளவுக்கு மேல் சூடேறும். மேலே தெருவில் பேருந்து ஓடிக்கொண்டிருக்கும். வெப்ப முறையில் பல மணி நேரம் பிடிக்கிற வேலை இதில் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. புற ஊதா முறையின் குணத்துக்கு இவ்வளவு பொருத்தமான வேலை வேறு இல்லை என்பது என் எண்ணம். ஊறவைத்த குழல் தொழிற்சாலையிலிருந்து ஒளிபுகாத உறையோடு லாரியில் வந்து, வெயிலில் காத்திருந்து, குழாய்க்குள் நுழைந்து, மடிப்பு நீவி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேமராவில் பார்த்து முடிக்கும்வரை ரெசின் பொறுமையாக நிற்க வேண்டுமே. பட்டறையில் ஊற்றுகிற, அறை வெப்பத்திலேயே உடையும் பெராக்சைடை நம்பி அந்த வேலையில் இறங்கினால் பாதி வழியிலேயே கட்டியாகி அடைத்துக்கொள்ளும்.

இனி இந்த முறையின் முரண்டுகள். ஒளி போகிற தூரம்தான் அதன் ஆட்சி என்பதால், ஒளியைத் தடுக்கும் எதுவும் எதிரி. கார்பன் நார் கரிக்கறுப்பு. மேல் பரப்பு மட்டும் இறுகி, உள்ளே ஈரமாகவே இருக்கும். கார்பன் நார் வேலைக்கு ஒளியோடு வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளும் இரட்டை முறை வேண்டும், இல்லையென்றால் பழைய முறையே மேல். குண்டு துளைக்காத அங்கிகளில் வரும் கெவ்லர் மாதிரியான அராமிட் நார்களும் புற ஊதாவை விழுங்கிவிடும். கறுப்பு தடுக்கும் என்று எல்லோரும் ஊகிப்பார்கள், வெள்ளையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெள்ளை நிறத்துக்குப் போடும் டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதாவை அப்படியே மறித்துவிடும். முகத்தில் பூசும் சன்ஸ்கிரீனில் அதைச் சேர்ப்பதே அதற்காகத்தானே. ஆகவே நிறம் கலந்த ரெசினில் கதவு செய்கிறவர் நாளைக்கே விளக்கு வாங்கிவிட வேண்டாம். நிறத்தை ஜெல்கோட்டோடு, அதாவது மோல்டில் முதலில் பூசும் மேற்பூச்சோடு நிறுத்தி அதைப் பழையபடி பெராக்சைடில் இறுக்கிவிட்டு, பின்னால் வரும் மேட் அடுக்குகளை நிறமில்லாத ரெசினில் போட்டு ஒளியில் இறுக்கினால் சரிப்படும்.

காற்றும் ஒரு எதிரி. ஆக்சிஜன், தனியுறுப்புகளைப் பிடித்துச் செயலிழக்க வைத்துவிடும். மேற்பரப்பு பிசுபிசுவென்றே நிற்கும். பாலியெஸ்டரில் வேலை செய்தவர்களுக்கு இந்தப் பிசுக்கு பழக்கமானதுதான். கடைசிப் பூச்சில் கொஞ்சம் மெழுகு கலப்பார்கள், அது மேலே மிதந்து காற்றை அடைத்துவிடும். ஒளி முறையில் அதைவிட எளிய வழி, மேலே ஒரு தெளிவான பாலியெஸ்டர் பிலிமை விரிப்பது. காற்று வராது, ஒளி போகும், ஸ்டைரீன் வாசனையும் அவ்வளவாக வெளியே வராது. இறுகியதும் பிலிமை உரித்தால் பரப்பு கண்ணாடி மாதிரி இருக்கும். பாலியெஸ்டர் அல்லாத இன்னொரு வகையான எபாக்சி ரெசினை ஒளியால் இறுக்க வேறொரு வகைத் தூண்டி இருக்கிறது. அது அமிலத்தை உருவாக்கி வேலை செய்வதால் ஆக்சிஜன் அதற்குப் பொருட்டில்லை. விளக்கை அணைத்த பிறகும் இருட்டில் இறுகிக்கொண்டே போகும்.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பாதரச விளக்குகள் ஏற்றினால் முழு வெளிச்சத்துக்கு வரச் சில நிமிடம் எடுக்கும். நடுவில் கரண்ட் போனால் ஆறிய பிறகுதான் மறுபடி ஏறும். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அது எப்படிப்பட்ட எரிச்சல் என்று விளக்க வேண்டியதில்லை. எல்.இ.டி. வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை, சுவிட்சைத் தட்டிய உடனே முழு வெளிச்சம். ஆனால் எல்.இ.டி. ஒரே அலைநீளத்தை ஒட்டித்தான் ஒளி விடும்: 365, 385, 395, 405 என்று. ரெசினில் இருக்கும் தூண்டி எந்த அலைநீளத்தைச் சாப்பிடுமோ அதற்குப் பொருந்தியதை வாங்க வேண்டும். ரூபாய் நோட்டு பார்க்கிற ஊதா டார்ச்சை வைத்துக்கொண்டு படகு ஒட்ட முடியாது.

விளக்கே வேண்டாம், வெயில் போதாதா? மதுரையில் இதைக் கேட்காமல் இருக்க முடியுமா. போதும், பல வேலைகளுக்கு. நிலத்துக்கு வரும் சூரிய ஒளியில் புற ஊதாவின் பங்கு சுமார் 5 சதவீதம், அதிலும் பெரும்பகுதி 315 முதல் 400 நானோமீட்டர் வரையான ‘ஏ’ வகை. ஒளித்தூண்டிக்கு வேண்டியதும் அதுதான். உச்சி வெயிலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து மில்லிவாட் அளவில் கிடைக்கும். தொழிற்சாலை விளக்குகளோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆனால் இங்கே எண்ணிக்கை முக்கியம், ஒரு மூலக்கூறு முறிய ஒரு ஒளித்துகள். குறைந்த வெளிச்சத்தில் கூடுதல் நேரம் வைத்தால் கணக்கு ஓரளவு சரியாகிவிடும். மதுரை இருப்பது ஏறக்குறைய 9.9 பாகை வட அட்சத்தில். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே, கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். வெயிலில் புற ஊதா எவ்வளவு என்று சொல்லும் குறியீடு, மிகத் தீவிரம் எனப்படும் 11ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். அலைச்சறுக்குப் பலகை செய்கிற மேல்நாட்டுக்காரர்கள் வெயிலில் இறுகும் ரெசினை வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள். அவர்களை விட நமக்கு வெயில் தாராளம்.

எனக்கு உடனே நினைவுக்கு வருவது மண்டபம், பாம்பன் கரை. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரை முழுக்க ஃபைபர் படகுகள் பெருகின. கடலடிப் பாறையான பாரில் உரசியோ கரையேற்றும்போது கல்லில் இடித்தோ அடிப்பாகத்தில் விரிசல் விழும். விரிசலைச் சுற்றித் தேய்த்து, நன்றாகக் காய வைத்து, அளவுக்குக் கத்தரித்த பேட்சை, அதாவது ஒளி ரெசினில் ஊறிய மேட் துண்டை ஒட்டிப் பிலிமோடு வெயிலில் விட்டால், கால் மணியிலிருந்து அரை மணிக்குள் கல்லாகிவிடும். கேட்டலிஸ்ட் பாட்டிலைப் படகில் எடுத்துப் போக வேண்டாம், மூடியில் அளக்க வேண்டாம். ஈரத்தில் மட்டும் ஒட்டாது. உப்பு படிந்த பரப்பை நல்ல தண்ணீரில் கழுவிக் காய வைக்காமல் ஒட்டினால் எந்த ரெசினாலும் பயனில்லை, ஒளி அதை மாற்றிவிடாது.

வெயிலுக்கு அளவுகோல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐப்பசி மேகத்தில் எத்தனை நேரம் வைப்பது? பட்டறைக் கூரையில் ஒளி வரட்டும் என்று போட்ட ஃபைபர் ஷீட்டின் அடியில் நல்ல வெளிச்சம் இருக்கும், ஆனால் அந்த ஷீட்டிலேயே புற ஊதாவை உறிஞ்சும் பொருள் கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை நம்பினால் ஏமாற்றம்தான். விலைக்குத் தரும் பொருளை, ஒரே தரத்தில், தினமும் செய்ய வேண்டுமானால் விளக்குதான் சரி. அவசரப் பழுதுக்கும் வீட்டு வேலைக்கும் வெயில்.

வெயில் இறுக்கும், அதே வெயில் பிறகு அழிக்கவும் செய்யும். பத்து வருஷம் மொட்டை மாடியில் கிடந்த ஃபைபர் ஷீட் மஞ்சளாகி, மேல் ரெசின் பொடியாக உதிர்ந்து, நார் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். தடவினால் கையில் குத்தும். புற ஊதா, வலையின் பிணைப்புகளையே மெதுவாக அறுத்த வேலை அது. ஒளியில் இறுக்கிய பொருளுக்கும் மேலே பெயின்டோ ஜெல்கோட்டோ தேவை. இறுக்குவதற்கு முன்னால் பாதுகாப்புப் பொருளைக் கலந்தால் அது இறுகவும் விடாது என்பதால், இறுகிய பிறகு பூசுவதே எளிது.

மதுரையில் புற ஊதாவைப் பற்றி எழுதிவிட்டுக் கண் ஆஸ்பத்திரியைச் சொல்லாமல் போக முடியாது. கெரட்டோகோனஸ் என்ற நோயில் கருவிழி வலுவிழந்து கூம்பு மாதிரி முன்னே துருத்தும். கருவிழி என்பதே கொலாஜன் நார்கள் அடுக்கடுக்காகப் படிந்த ஒரு நார்க் கலவைதான். அதில் ரிபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2 சொட்டு மருந்தை ஊற வைத்து, 370 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதாவைச் சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிவாட் வீதம் 30 நிமிடம் காட்டுவது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான முறை. நார்களுக்கு இடையே புதுப் பாலங்கள் விழுந்து கருவிழி விறைப்பாகிறது. ஃபைபர் பட்டறைக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான், ஒரே ஒரு தலைகீழ் வித்தியாசம். ரெசினில் ஆக்சிஜன் காரியத்தைக் கெடுக்கும், கருவிழியில் ஆக்சிஜன் இருந்தால்தான் காரியம் நடக்கும்.

அது மருத்துவர் அளந்து, கருவிழியின் கனம் பார்த்துக் கொடுக்கும் ஒளி. பட்டறை விளக்கின் ஒளி அப்படியல்ல. வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தவன் அன்று ராத்திரி கண்ணில் மணல் கொட்டியது போலத் துடிப்பானே, அதே புண் இங்கும் வரும். புற ஊதா கண்ணுக்குத் தெரியாது என்பதால் கூசாது, கூசாததால் நாம் திரும்பவும் மாட்டோம். அதற்கென்று உள்ள கண்ணாடி, முழுக்கை சட்டை, கையுறை மூன்றும் வேண்டும். கையுறை ஒளிக்கு மட்டுமல்ல, இறுகாத ரெசின் தோலில் பட்டுப் பட்டு அலர்ஜி பிடித்துக்கொண்டால் அப்புறம் ஆயுசுக்கும் விடாது. தேய்க்கும்போது பறக்கும் நார்த்தூள் பழைய முறையில் எப்படியோ இதிலும் அப்படியே.

இதையெல்லாம் மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அப்ப ராத்திரி குளுமையில ஒக்காந்து மேட்டைப் போட்டுட்டு, காலையில தூக்கி வெயில்ல வச்சிரலாமா?” வைக்கலாம் அண்ணே என்றேன். பட்டறை விளக்கில் மட்டும் மஞ்சள் தாள் ஒட்ட வேண்டும், சாதாரண வெள்ளை டியூபில் இருக்கும் கொஞ்சம் ஊதாவே இந்தத் தூண்டிகளை மெதுவாக எழுப்பிவிடும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “செஞ்சு பாத்துட்டு வந்து சொல்லுங்க தம்பி” என்று ரோலரை எடுத்துக்கொண்டார்.

செய்து பார்த்தேன். எங்கள் மாடியில் துணி துவைக்கிற பழைய ஃபைபர் தொட்டியில் ஒரு கீறல். ஒரு கைக்குட்டை அளவு பேட்சை ஒட்டி, காற்றில் பிலிம் பறக்காமல் இருக்க ஒரு மூலையில் துணி கிளிப்பை மாட்டிவிட்டுக் கீழே வந்துவிட்டேன். மதியம் பன்னிரண்டே கால். அரை மணி கழித்துப் போய்த் தட்டினால் டங் என்று சத்தம். பிலிமை உரித்தேன். பேட்ச் முழுக்க இறுகியிருந்தது, கிளிப் இருந்த இடத்தைத் தவிர. அங்கே கிளிப்பின் வடிவத்திலேயே, அதன் கம்பி வளையம்கூடத் தெரிய, ஒரு பிசுபிசுப்பான நிழல் மட்டும் மிச்சம் இருந்தது. கிளிப்பை இடம் மாற்றி மாட்டிவிட்டு, மறுபடியும் வெயிலில் விட்டேன்.